ஆட்டம் தவறாதவருக்கு ஒரு பொன்னாடை

நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பிறகு கொழும்பில் ஒரு லொட்ஜில் எடுபிடி, கட்டாரில் கட்டட வேலை, மலேசியாவில் பேப்பர் இல்லாமல் இரண்டு வருஷம், ஒரு படகு, ஒரு முகாம், கடைசியில் மெல்பனில் கோழித் தொழிற்சாலை. தொழிற்சாலையின் குளிர் அறையில் மூன்று வருஷம் நின்று பழகியிருந்ததால், ஐஸ் விளையாட்டு அரங்கு ஒன்றுக்கு ஆள் தேவை என்று கேள்விப்பட்டதும் போனேன். "குளிர் தாங்குவியா?" என்பது மட்டும்தான் கேள்வி. படிப்பைப் பற்றி யாரும் கேட்காத முதல் நேர்முகத் தேர்வு அது. பாஸாகிவிட்டேன்.

ஒரே இடத்தில் நெடுநாள் இருந்தால் எனக்குக் கால் அரிக்கும். அதனால் சிட்னிக்கு வந்து, மேற்குப் பக்கத்தில் இருந்த இன்னொரு அரங்கில் அதே வேலைக்குச் சேர்ந்தேன். ஐஸ் தரையைச் சீவி, மேலே வெந்நீர் விட்டு மழமழவென்று ஆக்கும் ஒரு வண்டி உண்டு. அதை ஓட்டுவதும், ஹொக்கிக் குழுவின் சறுக்குச் சப்பாத்துகளுக்குக் கூர் போடுவதும் என் வேலை. வென்ட்வேர்த்வில் ஸ்டேஷனடியில் உள்ள சாப்பாட்டுக் கடையில் ஒரு அங்கிள் விசாரித்தார்.

"எங்க தம்பி வேலை?"

"ஐஸ் அரங்கில அங்கிள்."

"பெர்மனன்ற்றோ?"

"அங்க ஐசே பெர்மனன்ற் இல்லை அங்கிள்."

அவருக்கு ஒரு மகள் இருந்தாள். பேச்சு அதோடு முடிந்தது.

எங்கள் குழுவில் வலது ஓரத்தில் விளையாடும் கனடாக்காரர் ஒருவர் இருந்தார். விங்கர் என்பார்கள். தமிழ் வாசகர்களுக்கு இந்த வேலையை விளக்குவது சுலபம். பலகைச் சுவரோடு உடம்பை நசுக்கிக்கொண்டு, முழங்கையும் மட்டையும் வாங்கி, மூலையில் கிடக்கும் ரப்பர் தட்டை எடுத்து நடுவில் நிற்பவனிடம் கொடுக்க வேண்டும். நடுவில் நிற்பவன் அடிப்பான். படம் அவனுக்கு எடுப்பார்கள். வெளிநாடு வந்த எங்கள் ஆட்களில் பாதிப்பேர் பார்ப்பது விங்கர் வேலைதான். அவர்களுக்குத்தான் அது தெரியாது.

அவர் உண்மையான ப்ரொபெஷனல். கனடாவில் பெயர் தெரியாத ஊர்களில் பஸ்ஸில் பயணம் செய்து, சம்பளத்துக்கு விளையாடியவர். ஒரு சீசனுக்கு என்று சிட்னிக்கு வந்து, ஒருத்தியைக் கட்டி, தங்கிவிட்டார். இங்கே ப்ரொபெஷனல் என்றால் பெற்றோல் காசும் மட்டைக்குச் சுற்றும் டேப்பும் தருவார்கள். கிழமை நாட்களில் அவர் கூரை ஏறி, மழைத்தண்ணீர் ஓடும் பீலி திருத்துவார். நாற்பத்தொரு வயது. முன் பற்கள் மூன்றைக் கழற்றி என்னிடம் தந்துவிட்டுத்தான் ஐஸில் இறங்குவார். நான் அவற்றை ஒரு யோகட் பெட்டியில் போட்டு வைப்பேன்.

அவருடைய பெருமை ஒன்றே ஒன்றுதான். பதினொரு வருஷமாக ஒரு ஆட்டம்கூட விட்டதில்லை. விலா எலும்பு வெடித்த கிழமையும் விளையாடினார். காய்ச்சலோடு விளையாடிவிட்டு, இடைவேளையில் என் வாளிக்குள் வாந்தி எடுத்துவிட்டு, மறுபடி இறங்கினார். மகள் பிறந்தது ஒரு சனிக்கிழமை காலை. மாலை ஆட்டத்துக்கு ஆஸ்பத்திரிப் பட்டியைக் கையில் இருந்து அவிழ்க்காமலே வந்தார். கிளப்பின் போஸ்டரில் அவர் படமும், கீழே "ஒரு ஆட்டமும் தவறாதவர்" என்ற வரியும் இருந்தன.

அந்தப் போஸ்டர்தான் அவரைக் காப்பாற்றி வந்தது. புதிதாக வந்த கோச் ஒரு இளைஞன், லப்டொப்பும் கையுமாகத் திரிபவன். அவனுக்கு இவரைவிட வேகமான பெடியன் ஒருவனை வலது ஓரத்தில் போட ஆசை. அந்தப் பதினொரு வருஷத் தொடர்ச்சி இருக்கும்வரை இவரை நிறுத்தினால் ஆதரவாளர்கள் விடமாட்டார்கள் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. அதனால் அவன் இவரைக் காணும்போதெல்லாம் முதுகில் தட்டி "லெஜெண்ட்" என்றான். ஒரு மனிதனை வெளியே அனுப்ப நினைப்பவர்கள் முதலில் அவனைப் புகழ்வார்கள் என்பதை நான் நாலு நாட்டில் கற்றிருக்கிறேன். இவருக்கும் தெரியும். "ஒரு ஆட்டம் விட்டால் போதும், மேட். திங்கட்கிழமை நான் பீலிக்காரன் மட்டும்தான்," என்று சப்பாத்துக் கட்டும்போது ஒருநாள் சொன்னார்.

இந்த இடத்தில் எங்கள் தமிழ்ச் சங்கம் உள்ளே வருகிறது.

வருஷா வருஷம் சங்கம் பிள்ளைகளுக்கு விளையாட்டுப் போட்டி வைத்து, பிறகு ஒரு சனிக்கிழமை பரிசளிப்பு விழா நடத்தும். வழக்கமாகப் பிரதம விருந்தினராக வரும் கவுன்சிலர் அந்த முறை கடைசி நேரத்தில் வரமுடியாது என்றுவிட்டார். தலைவர் அண்ணை செயலாளரோடு சாப்பாட்டுக் கடையில் ரோல்ஸைப் பிய்த்தபடி கவலையாக இருந்தார். என்னைக் கண்டதும் கூப்பிட்டார்.

"தம்பி, உன்ர ஐஸ் இடத்தில உலக மட்டத்தில விளையாடின ஆக்கள் ஆரும் இருக்கினமோ?"

"ஒருத்தர் இருக்கிறார் அண்ணை. கனடாக்காரர்."

"வெள்ளையோ?"

"ஓம்."

"காணும். கூட்டிக்கொண்டு வா."

"அவருக்கு அண்டைக்கு அஞ்சு மணிக்கு ஆட்டம் இருக்கு. நாலரைக்குள்ள போய் ஷீட்டில கையெழுத்து வைக்கவேணும். இல்லாட்டி விளையாட ஏலாது."

"ஒரு மணிக்குத் தொடங்கி ரெண்டரைக்கு விட்டிடுவம்."

செயலாளர் ரீயை வைத்துவிட்டுச் சிரித்தார். "எப்ப அண்ணை நாங்கள் ரெண்டரைக்கு விட்டனாங்கள்?"

"இந்த முறை விடுவம்," என்றார் தலைவர். பிறகு என் பக்கம் திரும்பி, "உனக்கும் ஒரு பொன்னாடை இருக்கு தம்பி. விளையாட்டுத் துறைக்குச் சேவை செய்யிற ஆள் நீ."

அந்த இடத்தில்தான் எனக்குப் புத்தி கெட்டது. சங்கத்தின் விழாக்களில் ஆறு வருஷமாகக் கதிரை அடுக்கியிருக்கிறேன். மேடைக்குப் போகும் படி எத்தனை என்று எனக்குத் தெரியும், விளக்குமாற்றால் கூட்டியிருக்கிறேன். ஆனால் பெயர் சொல்லிக் கூப்பிட்டு அதில் ஏறியது இல்லை. எங்கள் ஒரு மணி எது, ரெண்டரை எது என்று தெரிந்துகொண்டே, வெள்ளிக்கிழமை அந்த மனிதனிடம் போய் "ஒன்றரை மணிநேர வேலைதான்" என்றேன்.

பிரதம விருந்தினரைக் கூட்டிவருபவர்தான் திருப்பிக் கொண்டுபோய் விடவேண்டும் என்பது சங்கத்து முறை. அதனால் அவர் தன் வண்டியை அரங்கில் விட்டுவிட்டு, ஹொக்கிப் பையை என் கார் பின்பெட்டியில் போட்டுக்கொண்டு வந்தார். குவேக்கர்ஸ் ஹில் பக்கம் ஒரு பள்ளிக்கூட மண்டபம். அரங்குக்கு முப்பது நிமிட ஓட்டம். ஒரு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கப் போய்ச் சேர்ந்தோம். உள்ளே மைக் கட்டுபவர் ஒருவரும், கோலம் போடும் அன்ரி ஒருவரும் இருந்தார்கள். அன்ரி என்னைப் பார்த்து, "என்ன தம்பி, வெள்ளனவே வந்திட்டியள்?" என்றார்.

விழா இரண்டு இருபதுக்குத் தொடங்கியது. விளக்கேற்றினார்கள். விளக்கேற்ற ஒன்பது பேர். ஒவ்வொருவரையும் அவரவர் பட்டங்களோடு அழைத்தார்கள். பட்டங்கள் நீளமாக இருந்தன, திரிகள் குட்டையாக இருந்தன, விளக்கு இரண்டு தரம் அணைந்தது. பிறகு வாழ்த்துப்பா, தேசிய கீதம், மௌன அஞ்சலி, வரவேற்பு நடனம், வரவேற்புரை. நாங்கள் முன்வரிசையில் இருந்தோம். அவர் முழங்காலில் கை வைத்து, ஹொக்கியில் பெனல்ற்றி வாங்கிய ஆள் தண்டனைப் பெட்டிக்குள் இருப்பதுபோல ஒழுங்காக இருந்தார்.

"இவர் என்ன சொல்கிறார்?" என்று கேட்டார்.

"வரவேற்கிறார்."

கால்மணி போனது. "இப்போது?"

"இன்னும் வரவேற்கிறார்."

பின்வரிசையில் இருந்த ஒரு அங்கிள் என் தோளில் தட்டினார். "தம்பி, இவர் என்ன படிச்சவர்?"

"பீலி திருத்திறவர் அங்கிள்."

"இல்லை, முதல்ல?"

"முதல்லயும் ஹொக்கிதான்."

அங்கிள் மிகுந்த கவலையோடு பின்னால் சாய்ந்தார்.

கனடாக்காரருக்குரியது பதினேழாவது நிகழ்ச்சி. மூன்றே முக்காலுக்கு மேடைக்கு அழைத்தார்கள். தலைவர் அண்ணை அவரை ஒலிம்பிக்கில் பதக்கம் வென்றவர் என்று அறிமுகம் செய்தார். எங்கிருந்து எடுத்தார் என்று எனக்குத் தெரியாது. பக்கத்தில் மொழிபெயர்க்க நின்ற நான், "நல்ல மனிதர் என்கிறார்," என்று சொல்லிவைத்தேன். மாலை போட்டு, சரிகைக் கரை வைத்த பொன்னாடையைப் போர்த்தினார்கள். மற்றவர்களுக்கு முழங்கால்வரை வரும் பொன்னாடை அவர் தோளில் கைக்குட்டை மாதிரி இருந்தது. நான் பழக்கியபடி "வணக்கம்" என்றார். பிறகு பிள்ளைகளைப் பார்த்து இங்கிலிஷில், "விழுந்தால் எழும்புங்கள். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்," என்று சொல்லி இறங்கினார்.

யாரும் கை தட்டவில்லை. பேச்சு இன்னும் தொடங்கவில்லை என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

மூன்று ஐம்பத்திரண்டுக்கு என் பக்கத்தில் வந்து இருந்து, "போவோமா?" என்றார்.

நான் நிகழ்ச்சி நிரலைப் பார்த்தேன். பதினெட்டு, சின்னப் பிள்ளைகளின் நடனம், மூன்று நிமிடம். பத்தொன்பது, நான்.

"பத்து நிமிடம்," என்றேன்.

அவர் தலையாட்டினார். நடனம் முடிந்தது. அப்போது நிரலில் இல்லாத ஒருவர், கிண்ணங்கள் அன்பளிப்புச் செய்த ஓய்வுபெற்ற டொக்டர், இரண்டே இரண்டு வார்த்தை பேசவேண்டும் என்று மேடையேறினார். முதல் வார்த்தை அவர் சின்ன வயதில் ஓடிய ஓட்டம் பற்றியது. இரண்டாவது, இக்காலப் பிள்ளைகள் ஓடாதது பற்றியது. இரண்டுக்குமாக இருபத்தாறு நிமிடம் போனது. பிறகு எனக்குப் பொன்னாடை போர்த்த வேண்டிய முன்னாள் தலைவரைக் காணவில்லை. வெளியில் ரீ குடிக்கப் போய்விட்டார் என்று கூட்டிவரப் போனார்கள். நான் கடிகாரத்தைப் பார்க்காமல் மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எழும்பி "எனக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டுக் கார்ச் சாவியை எடுத்திருக்கலாம். அது வாய்வரை வந்ததாகப் பிறகு பலமுறை எனக்கு நானே சொல்லியிருக்கிறேன். வரவில்லை.

நாலு இருபத்தெட்டுக்கு என்னைக் கூப்பிட்டார்கள். தலைவர் அண்ணை மைக்கைப் பிடித்து, "எங்கட கதிரையள் எல்லாத்தையும் அடுக்கித் தாற தம்பி," என்றார். சபை நன்றாகக் கை தட்டியது. அன்று விழுந்ததில் அதுதான் பெரிய கைதட்டல். இறங்கும்போது இரண்டு பேருக்கும் வடைப் பார்சல் தந்தார்கள்.

நெடுஞ்சாலையில் கார்கள் ஊர்ந்தன. அவர் பொன்னாடைக்கு மேலால் சீற் பெல்ற் போட்டுக்கொண்டு வடை சாப்பிட்டார். ஐந்து ஏழுக்குப் போய்ச் சேர்ந்தோம். ஆட்டம் தொடங்கிவிட்டது. கோச் பெஞ்சில் நின்றபடி திரும்பி, அவர் தோளில் இருந்த சரிகையை ஒருகணம் பார்த்தான்.

"ஷீட் போய்விட்டது, லெஜெண்ட்," என்றான். நான் அந்த அரங்கில் இருந்த காலத்தில் அவன் அவ்வளவு அன்பாகப் பேசியது அன்றுதான்.

அடுத்த சனிக்கிழமை பட்டியலில் அவர் பெயர் இல்லை. போஸ்டரையும் கழற்றியிருந்தார்கள். அவர் தன் லொக்கரைத் துடைத்துவிட்டு, வீட்டுக்குப் போகாமல் மேல் தட்டில் பார்வையாளர் பக்கம் போய் இருந்தார். முதல் இடைவேளையில் ஐஸைச் சீவி முடித்துவிட்டு நானும் ஏறிப்போய்ப் பக்கத்தில் இருந்தேன்.

"உங்களுடைய ஆட்டம் போனது சங்கம் பிந்தினதால் இல்லை. நாலு மணிக்குள்ளேயே எழும்பியிருக்கலாம். எனக்கு அந்தத் துணி வேண்டியிருந்தது," என்றேன்.

"எனக்கும் மணி பார்க்கத் தெரியும், மேட். மண்டப வாசலில் ஒரு டாக்ஸி ஆள் இறக்கிக்கொண்டு நின்றது. கண்டேன்."

"ஏன் போகேல்லை?"

தோளைக் குலுக்கினார். "உன்னுடைய முறை வரவில்லையே."

கீழே புதுப் பெடியன் வலது ஓரத்தில் ஓடி, மூலைக்குப் போகாமல் வளைந்து திரும்பினான். கோச் கை தட்டினான். இவர் முன்னால் குனிந்து, முகவாயைக் கம்பியில் வைத்து, நெடுநேரம் பார்த்தார். பதினொரு வருஷத்தில் தன் குழுவின் ஆட்டத்தை அவர் மேலிருந்து பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"நாங்கள் இவ்வளவு மெதுவாகவா விளையாடுகிறோம்?" என்றார்.

"ஓம்."

"நான் இருந்தபோதும்?"

"அப்ப இன்னும் கொஞ்சம் மெதுவு," என்றேன்.

அவர் பற்களைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, மிச்ச ஆட்டத்தையும் பார்த்தார்.