மஞ்சள் தொட்ட வரைபடம்

வரைபடம் என்றாலே எனக்குக் கழுத்து வலிக்கும். பேரனின் பள்ளிக்கூட அட்லஸைப் பார்த்தால்கூடக் கை தானாகப் பிடரிக்குப் போய்விடுகிறது. எழுபதுகளில் பாதி வருஷங்களை நான் குனிந்தபடியே கழித்தேன். என் வீட்டுக்காரரின் ஆராய்ச்சிதான் அதற்குக் காரணம்.

அவர் சென்னையில் ஒரு கல்லூரியில் புவியியல் பேராசிரியர். குடியிருந்தது திருத்தணியில், மலையடிவாரத்தில் ஒரு வாடகை வீட்டில். விடிந்ததும் ரயில் ஏறினால் விளக்கு வைத்த பிறகுதான் திரும்புவார். வந்து கைகால் கழுவி, காபி குடித்துவிட்டுக் கூடத்தில் பாயை விரிப்பார். அந்தப் பாயில் அவர் படுத்து நான் பார்த்ததில்லை. படங்கள்தான் படுத்திருக்கும்.

ஆராய்ச்சி இதுதான். ஒரு கிராமத்துக்கு வெள்ளைக்காரன் காலத்தில் அளந்து வரைந்த படம் ஒன்று இருக்கும், சமீபத்தில் அளந்து வரைந்தது ஒன்று இருக்கும். புதியதன் மேல் டிரேசிங் பேப்பரை வைத்து ஏரி, தோப்பு, பாதை, வீடு எல்லாவற்றையும் படியெடுக்க வேண்டும். அதைப் பழைய படத்தின் மேல் வைத்து, எது நகர்ந்திருக்கிறது, எது சுருங்கியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். பிறகு கட்டம் போட்ட தாளை அதன் மேல் வைத்து, மாறிப்போன இடத்துக்குள் எத்தனை கட்டம் விழுகிறது என்று எண்ண வேண்டும். எண்ணுவது என் வேலை. நெசவுக்காரர் வீட்டுப் பெண், இழை எண்ணிப் பழகிய கண் என்று சொல்லி என் தலையில் கட்டிவிட்டார். மத்தியானம் அக்கம்பக்கத்துப் பெண்கள் கொஞ்சம் முதுகை நீட்டும் நேரத்தில் நான் கட்டம் எண்ணிக்கொண்டிருப்பேன். நடுவில் பால்காரர் குரல் கொடுத்தால் கணக்கு விட்டுப்போகும். மறுபடியும் முதலிலிருந்து எண்ணுவேன்.

அவரும் களைத்துத்தான் போயிருந்தார். அவருக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்தவர்கள் டாக்டர் பட்டம் வாங்கி, பெயருக்கு முன்னால் போட்டுக்கொண்டு மேலே போய்க்கொண்டிருந்தார்கள். இவர் இன்னும் ஒரு கிராமம், இன்னும் ஒரு படம் என்று இழுத்துக்கொண்டிருந்தார். ஆடிக் கிருத்திகையன்று ஊரே காவடியோடு மலையேறும்போது இவரும் ஏறுவார். சாமியைக் கும்பிட்ட கையோடு மதில் ஓரமாக நின்று, கீழே ஏரி எதுவரைக்கும் வருகிறது என்று கண்ணை இடுக்கிப் பார்ப்பார். இவருக்குத் தரிசனம் கொடுத்துக்கொண்டிருக்கும் முருகனை நினைத்தால் எனக்குப் பாவமாக இருக்கும்.

அந்தப் பழைய படங்கள் கிடைத்ததே பெரிய பாடு. எங்கள் ஊர் ஆந்திராவோடு இருந்த காலத்தில் கிராமக் கணக்கு எழுதும் கர்ணம் உத்தியோகம் பார்த்தவர்களின் வீட்டுப் பெட்டிகளிலிருந்து, கெஞ்சிக் கூத்தாடி வாங்கி வந்தார். மடித்து மடித்து, மடிப்பு மடிப்பாகக் கிழிந்திருந்தன. சென்னையில் பைண்டரிடம் கொடுத்துத் துணியில் ஒட்டி வாங்கலாம் என்று இருந்தார். அந்த நேரம் பார்த்து என் நைனா, அதாவது அப்பா, எங்கள் வீட்டுக்கு வந்தார்.

நைனாவுக்கு ரயில்வே லைனுக்கு வடக்கே, ஏரிப்பக்கம் இருந்த நெசவுத் தெருவில் வீடு. வீட்டுக்குள்ளேயே, தரையில் குழி வெட்டிப் பதித்த குழித்தறி. கிழிந்த படங்களைப் பார்த்ததும் துணிக்கு எதற்குச் சென்னை வரைக்கும் போகவேண்டும் என்றார். தறியிலிருந்து அறுத்த புதுத்துணியைக் கொண்டு வந்தார். பாவு நூலுக்குப் போடுகிற கஞ்சியையே கெட்டியாகக் காய்ச்சி, எல்லாப் படங்களையும் ஒட்டிக் கொடுத்தார். துணியை ஒருதரம் அலசிவிட்டு ஒட்டினால் அழுக்குப் போகுமே என்று நான் சொன்னேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

“மாப்பிள்ளைக்குத் தண்ணில போட்ட துணியக் குடுத்தா நாலு பேரு இன்னா பேசுவாங்க?”

எங்கள் வழக்கம் அப்படி. மாப்பிள்ளைக்குக் கொடுக்கும் துணி தறியிலிருந்து நேராக வரவேண்டும், ஓரத்தில் மஞ்சள் தொட்டிருக்க வேண்டும். படம் ஒட்டுவதற்கான துணியானாலும் மாப்பிள்ளைக்குத்தானே போகிறது. ஒவ்வொரு துண்டின் மூலையிலும் மறக்காமல் மஞ்சள் வைத்தார். அதன் பிறகு டீக்கடையில் உட்கார்ந்து, மாப்பிள்ளை ஊரையெல்லாம் அளப்பதே நம் துணிமேல்தான் என்று சொல்லிக்கொள்வதில் அவருக்கு அவ்வளவு பெருமை.

அந்தப் படங்களை வைத்து வருஷக்கணக்காக அளந்தோம். ஆராய்ச்சி கடைசி அத்தியாயத்துக்கு வந்திருந்த சமயம், தாலுகா ஆபீஸில் ஏரி ஆக்கிரமிப்பை எடுக்கும் பேச்சு வந்தது. ஏரியின் பழைய கரை எங்கே இருந்தது என்று படம் போட்டுத் தரமுடியுமா என்று ஓர் அதிகாரி இவரைக் கேட்டார். தன் வேலைக்கு ஒரு பிரயோஜனம் வந்துவிட்டது என்று இவர் உற்சாகமாகத்தான் உட்கார்ந்தார். ரயில்வே லைனைப் பழைய படத்தின் லைனோடு பொருத்திவைத்து, வடக்கே ஏரியைப் பார்த்தார். பார்த்தவர் அன்று காபி கேட்கவில்லை.

பழைய ஏரிக்கரை, நெசவுத் தெருவுக்கு இந்தப் பக்கம், தெருவுக்கும் லைனுக்கும் நடுவே விழுந்தது. அதாவது தெரு முழுக்க ஏரிக்குள் இருந்தது. என் நைனாவின் வீடும்தான்.

நான் சண்டை போட்டேன். இத்தனை வருஷம் என் கழுத்தை ஒடித்தது என் பிறந்த வீட்டை இடிக்கவா என்று கேட்டேன். படத்தில் இருப்பதை இல்லை என்று எப்படிச் சொல்வது என்றார். பொய் சொல்லத் தெரியாத மனுஷன்; அதுவே எனக்கு ஆத்திரமாக இருந்தது. நைனாவிடம் தானே போய்ச் சொல்லவேண்டும் என்று கிளம்பினார், நானும் கூடப் போனேன். நைனா தறியை விட்டு எழுந்திருக்காமல் கேட்டுக்கொண்டார்.

“நீங்க அளந்தா சரியாத்தாங்க இருக்கும் மாப்ளே. இந்தத் தறிய எங்க கொண்டு போறதுன்னுதான் பாத்துகினு இருக்கேன்.”

குழித்தறி பெயர்த்துக்கொண்டு போகிற சாமான் இல்லை. அவர் எங்களைத் திட்டியிருந்தால் எனக்கு அழுகை வந்திருக்காது. சேதி பரவி, தெருப் பெண்கள் சந்தையில் என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி போக ஆரம்பித்தார்கள். என்னோடு தாயம் ஆடி வளர்ந்தவர்கள்.

படத்தைக் கொடுக்கவேண்டிய நாளுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை. கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தேன். நைனா கொடுத்த புதுத்துண்டு ஒன்று, முதல்முறையாக நனைத்து உலர்த்தியது. மடிக்கும்போது நீளத்தில் குறைந்திருந்தது. அகலம் அப்படியே இருந்தது. இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. நீளவாக்கில் ஓடும் பாவு நூல் தறியில் விறைப்பாக இழுபட்டுக் கிடப்பது. முதல் தண்ணீர் பட்டதும் சுருங்கிக்கொள்ளும். குறுக்கே ஓடுகிற ஊடை அவ்வளவாகச் சுருங்காது. எங்கள் தெருவில் குழந்தைக்கும் தெரியும். துண்டின் மூலையில் மஞ்சள் கறை வெளுத்துத் தெரிந்தது. அதே கறையை நான் வருஷக்கணக்காகப் படத்தின் மூலையில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

துணிகளை அப்படியே போட்டுவிட்டு உள்ளே போய்ப் படத்தைத் திருப்பினேன். துணியின் ஓரக்கரை மேலிருந்து கீழாக ஓடியது. பாவு வடக்குத் தெற்காக இருந்தது. ஈரக் கஞ்சி தடவி, காயவைத்த துணி. காகிதத்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டு சுருங்கியிருந்தது. ஏரிக்கரையும் அதோடு லைன் பக்கமாக நகர்ந்து வந்திருந்தது.

உடனே சொல்லிவிட்டேன் என்று எழுத ஆசைதான். கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். எல்லாப் படங்களும் அதே துணியில் ஒட்டியவை. சொன்னால் நைனாவின் வீடு தப்பும், இவருடைய ஆராய்ச்சி போய்விடும். இவர் நிமிர்ந்து உட்கார்ந்து முகம் மலர எழுதிக்கொண்டிருந்த கடைசி அத்தியாயம் பக்கத்திலேயே இருந்தது. அப்புறம் சொன்னேன்.

முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. படத்தின் அடியில் இருந்த அளவுக்கோட்டைச் சரிபார்த்துவிட்டுத்தான் ஆரம்பித்தேன் என்றார். அது கிழக்கு மேற்காகப் போட்டிருக்கிறது, ஊடை வாக்கில் போகிறது, அது எப்படிக் குறையும் என்றேன். அவர் ஸ்கேலை எடுத்தார். ரயில்வே லைனையும், ஏரிக்கு அப்பால் இருந்த பழைய கோயிலையும் எடுத்துக்கொண்டார். இரண்டும் நகராதவை. அவற்றுக்கு நடுவே இரண்டு படங்களிலும் அளந்து பார்த்தார். பழைய படத்தில் ஒரு விரலகலம் குறைந்தது. நெசவுத் தெருவின் அகலம் படத்தில் அவ்வளவுதான். வேறு படங்களையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். பிறகு ஸ்கேலைக் கீழே வைத்தார்.

“இத்தினி வருஷமா நான் உங்க நைனா துணியத்தான் அளந்துகினு இருந்திருக்கேன்.”

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. சமையலறைக்குள் வந்து, நான் அடுப்பு பற்றவைக்கும்வரை பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். நைனாவிடம் இதைச் சொல்லாதே என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் கல்லூரிக்குப் போகாமல் தாலுகா ஆபீஸுக்குப் போய், தன் கணக்கு தப்பு என்று சொல்லிவிட்டு வந்தார். தெரு பிழைத்தது. சந்தையில் பெண்கள் பேசத் தொடங்கினார்கள். மாப்பிள்ளை மாமனாருக்காக மாற்றிச் சொல்லிவிட்டார் என்றுதான் ஊரில் பேச்சு. அவர் காதுக்கும் அது வந்தது, மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்குத்தான் ஒவ்வொருவரையும் பிடித்து நிறுத்திச் சொல்லவேண்டும் போல் இருந்தது. சொன்னால் நைனாவுக்குப் போய்விடும் என்று வாயை மூடிக்கொண்டேன். புதிதாகப் படம் தேடி முதலிலிருந்து அளக்க அவருக்குத் தெம்பு இல்லை, எனக்கும் கழுத்து இல்லை. பாயைச் சுருட்டிப் பரண்மேல் போட்டோம்.

நைனா மட்டும் விடவில்லை. வீட்டுக்கு வரும்போதெல்லாம் பட்டம் எப்போது வரும் என்று கேட்பார். ஒருநாள் மடித்த புது வேட்டி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். நல்ல நம்பர், சன்ன நூலில் நெய்தது, ஓரத்தில் மஞ்சள்.

“பட்டம் வாங்கப் போற அன்னிக்கிக் கட்டிக்கங்க மாப்ளே. அதுவரிக்கும் தண்ணில போடாதீங்க.”

ஆங், சரிங்க மாமா என்று இவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அந்த வேட்டியைப் பெட்டியின் அடியில் வைத்தேன். அடுத்தடுத்த வருஷங்களிலும் நைனா கேட்டார், வந்துடும் மாமா என்று இவரும் சொல்லிக்கொண்டே இருந்தார். எனக்குச் சலித்துப்போய், ஏன் இப்படி ஏமாற்றுகிறீர்கள் என்று கேட்டதும் உண்டு.

நைனா அந்த வீட்டிலேயே, தறிக்குப் பக்கத்தில்தான் செத்துப்போனார். மாப்பிள்ளை கோடித்துணி போர்த்தவேண்டும். நான் அழுதுகொண்டிருந்ததால் கடைக்கு யாரையாவது அனுப்பச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. இவர் வீட்டுக்குப் போய்ப் பெட்டியைத் திறந்து அந்த வேட்டியை எடுத்து வந்தார். அதுவரை தண்ணீரே படாத துணி. மஞ்சள் வைத்த மூலை தலைப்பக்கம் வரும்படி நைனாமேல் போர்த்திவிட்டு, கால்மாட்டில் துணி பத்துமா என்று குனிந்து பார்த்தார். பத்தியது.