ரசமட்டம் திருத்திய கோட்டு

என் வீட்டுக்காரருக்குக் கடையில் ரசமட்டம் என்று பெயர். கொத்தனார் சுவரில் வைத்துப் பார்ப்பாரே, நடுவில் குமிழி ஓடுமே, அதேதான். வாசலில் போகிறவரின் காலர் ஒரு பக்கம் அரை நூல் தூக்கியிருந்தால்கூட இவருக்குச் சோறு இறங்காது. பழைய துணி விற்கும் கடை ஒன்றின் பின்னறையில் நாங்கள் இருவரும் வேலை செய்கிறோம். மூட்டை மூட்டையாக வரும் உடுப்புகளை நான் இஸ்திரி போட்டு முன்னால் அனுப்புவேன். கிழிசலோ கோணலோ இருந்தால் இவருடைய மெஷினுக்குப் போகும். எங்களுக்கு நடுவே ஒரு மேஜை, ஒரு ஜன்னல், இருபத்திரண்டு வருஷக் கல்யாணம்.

ஊரில் உள்ளதையெல்லாம் நேராக்குகிற மனிதருக்கு இடது தோள் கொஞ்சம் இறக்கம். கைக்குழந்தையாக இருந்தபோது கட்டிலிலிருந்து விழுந்து, எலும்பு தப்பாகச் சேர்ந்துவிட்டதாம். எனக்கு இது தெரிந்ததே கல்யாணமாகி நாலாம் நாள்தான். சட்டையைத் துவைக்கும்போது, இடது தோளுக்குள் வைத்துத் தைத்திருந்த ஒரு ஸ்பாஞ்சுத் துண்டு கழன்று வாளியில் மிதந்தது.

"ஏங்க, சட்டைக்குள்ள இது என்ன?" என்று கேட்டேன்.

மனிதர் முகம் செத்துவிட்டது. "அத எடுக்காத" என்றார். அதோடு சரி. அதற்குப் பிறகு அவருடைய அக்காவுக்காகச் சண்டை போட்டிருக்கிறோம், குக்கர் கைப்பிடிக்காகப் போட்டிருக்கிறோம், மகளைச் சேர்க்கிற பள்ளிக்கூடத்துக்காக ஒரு வாரம் பேசாமல் இருந்திருக்கிறோம். தோளைப் பற்றி மட்டும் இருவருமே வாயைத் திறந்ததில்லை. போட்டோ எடுத்தால் மகளைத் தூக்கி இடது தோளில் சாய்த்துக்கொண்டு நிற்பார். பெண்ணுக்கு ஒன்பது வயதானபோது, "விடுங்கப்பா, அசிங்கமா இருக்கு" என்று உதறிக்கொண்டு இறங்கினாள். அன்றோடு எங்கள் வீட்டில் போட்டோவும் நின்றது.

அந்தக் கோட்டு வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. திரைச்சீலை மூட்டைக்குள் சுருண்டு கிடந்தது. நல்ல கறுப்புக் கம்பளித் துணி, கழுத்துக்குப் பின்னால் சின்னதாக ஒரு வெள்ளைத் துண்டு, அதில் ஜப்பான் எழுத்து. முதலாளியம்மா அதை மாட்டி இரண்டு படம் எடுத்து, இணையத்தில் போட்டுவிட்டு என்னிடம் தந்தார். இஸ்திரி மேஜையில் விரித்தால் படிய மாட்டேன் என்றது. இடது தோள் இறங்கியிருந்தது, இடது முன்பக்கம் நீண்டு தொங்கியது. உள்பக்கம் புரட்டித் தையலைப் பார்த்தேன். அத்தனை சுத்தமான தையலை நான் கண்டதில்லை. இப்படித் தைக்கத் தெரிந்தவனுக்கு அளக்கத் தெரியாமலா போகும் என்று மனசில் பட்டது.

நிமிர்ந்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் இவர் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். கோட்டைப் பார்த்தேன், இவரைப் பார்த்தேன். இவருக்கென்றே வெட்டியது போல இருந்தது. 'ஏங்க, இத ஒரு தடவ போட்டுப் பாருங்களேன்.' நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கிவிட்டு, "கோணலா இருக்கு" என்று சொல்லி அவர் மேஜையில் போட்டேன்.

"எவனோ தூங்கி வழிஞ்சுக்கிட்டே வெட்டியிருக்கான்" என்றார்.

இரண்டு நாள் மெனக்கெட்டார். வலது தோளைப் பிரித்து, வெட்டி இறக்கி, காலரை மாற்றி வைத்து, முன்பக்கம் இரண்டையும் சமமாக்கினார். வெட்டின துண்டுகள் கழிவு மூட்டைக்குப் போயின. கோட்டு நூல் பிடித்த மாதிரி நின்றது. வெள்ளிக்கிழமையே வங்கியில் வேலை பார்க்கும் ஒருவர் வாங்கிப் போட்டுக்கொண்டு, விறைப்பாக நடந்து போய்விட்டார்.

அடுத்த வாரம் முதலாளியம்மா கைபேசியோடு பின்னறைக்கு வந்தார். இணையத்தில் போட்ட படத்தைப் பார்த்து யாரோ விசாரித்திருக்கிறார்கள். கூடவே ஒரு வீடியோவும் அனுப்பியிருந்தார்கள்.

"டெய்லர், இதக் கொஞ்சம் பாருங்க. அந்தக் கோட்டு அப்படித்தானாம். வேணும்னே கோணலா வெட்டினதாம்."

வெட்டுகிற மேஜைக்குப் பின்னால் ஒரு வயசான ஜப்பான்காரர் உட்கார்ந்து பேசினார். பெரிய பெயராம் அவருக்கு, உலகமெல்லாம் அவர் உடுப்புக்குக் காத்திருப்பார்களாம். பார்த்தால் நம்ம இவரைப் போலத்தான் இருந்தார், விரலில் அதே காய்ப்பு. கீழே தமிழில் ஓடின எழுத்தை நான் சத்தமாக வாசித்தேன்.

'என் அப்பா தபால்காரர். நாற்பது வருஷம் ஒரே தோளில் பை சுமந்தார். எந்தச் சட்டையும் அவருக்கு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு நிற்கும். உங்கள் தோள் சரியில்லை என்று எல்லாத் தையற்காரர்களும் சொன்னார்கள். சட்டை சரியில்லை என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. அவர் இறந்த பிறகு அவர் உடம்பை நினைத்து இந்தக் கோட்டை வெட்டினேன். அவர் போட்டுப் பார்க்கவில்லை.'

"இன்னொரு தடவ போடுங்க" என்றார் இவர். மூன்று தடவை பார்த்தார். மூன்றாவது தடவை அவருடைய வலது கை தானாகப் போய் இடது தோளைப் பிடித்துக்கொண்டது. முதலாளியம்மா நிற்பது அவருக்கு ஞாபகமே இல்லை.

அன்றிலிருந்து மனிதர் மனிதராக இல்லை. கழிவு மூட்டையைக் கொட்டித் தேடலாம் என்று போனார். அது மெத்தை செய்யும் இடத்துக்குப் போய்ச் சேர்ந்து நாலு நாள் ஆகியிருந்தது. பஸ்ஸில் கறுப்புக் கோட்டு யார் போட்டிருந்தாலும் எட்டி எட்டி முதுகைப் பார்ப்பார். அந்த வங்கிக்காரரைக் கண்டால்தான் என்ன செய்வார்? வெட்டினது ஒட்டுமா? எனக்குக் கோபம் கோபமாக வந்தது. பாதி அவர்மேல், பாதி என்மேல்.

பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் செய்தித்தாளைத் தரையில் விரித்து வெட்ட ஆரம்பித்தார். அதே கோட்டைத் தானே தைக்கப் போகிறாராம். முதலாளியம்மா எடுத்த படங்கள்தான் ஆதாரம். வெட்டித் தூக்கிப் பிடித்தால் இரண்டு தோளும் அச்சாக ஒரே மட்டம். நாலு ஞாயிறு போனது, காகிதக் குப்பை முழங்காலுக்கு வந்தது.

"கை கோணலுக்கு வரமாட்டேங்குது. அளக்காம வெட்டிட்டேன். எவ்வளவு இறக்கம் இருந்துச்சுன்னே தெரியல" என்றார்.

"அந்தத் தபால்காரர் தோள் அளவு உங்களுக்கு எதுக்கு? நீங்கதானே போடப் போறீங்க" என்றேன். இருபத்திரண்டு வருஷத்துக்கு அப்புறம் எப்படித்தான் வந்ததோ அந்த வார்த்தை.

அடிக்க வருவது போல நிமிர்ந்தார். பிறகு எழுந்து ஜன்னல் பக்கம் போய், ஸ்பாஞ்சோடு சட்டையைக் கழற்றி நாற்காலியில் போட்டார். டேப்பை என்னிடம் நீட்டினார்.

"அள."

தரையிலிருந்து வலது தோளுக்கு அளந்தேன். பிறகு இடது தோளுக்கு. பகல் வெளிச்சத்தில் அந்தத் தோளில் கை வைப்பது அதுதான் முதல் தடவை. இத்தனை வருஷமாக அதைத் தொட எவ்வளவு ஏங்கியிருக்கிறேன் என்பது தொட்ட பிறகுதான் எனக்கே தெரிந்தது.

"ஒண்ணேகால் இஞ்சு கம்மி."

"சரியாப் பாரு."

"ஒண்ணேகால்தாங்க."

டேப்பை வாங்கி ஒண்ணேகாலில் நகத்தை வைத்து, கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். "அவ்வளவுதானா?" என்றார்.

அதற்கு மேல் என்னால் மறைக்க முடியவில்லை. "அந்தக் கோட்டு இஸ்திரிக்கு வந்தன்னிக்கே எனக்குத் தோணுச்சுங்க. உங்களுக்குன்னே தச்ச மாதிரி இருந்துச்சு. போட்டுப் பாருங்கன்னு சொல்ல வந்தேன், சொல்லல."

கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். டேப்பை மெதுவாகச் சுருட்டினார்.

"சொல்லியிருந்தா உன்மேல எரிஞ்சு விழுந்திருப்பேன். ரெண்டு நாள் ஆகியிருக்காது. அந்தக் கோபத்துல ஒரே மணி நேரத்துல வெட்டித் தள்ளியிருப்பேன்" என்றார்.

அவர் சொன்னது நிஜம். அந்தக் கோட்டுக்காக எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது.