சரி வாங்காத நோட்டீஸ்

அச்சகத்தில் அவளுக்கு எழுத்தக்கா என்று பெயர். பல் டாக்டர் விளம்பரத்துக்குச் சிரிக்கிற எழுத்தும் வக்கீல் போர்டுக்கு முறைக்கிற எழுத்தும் எடுத்துக் கொடுத்தவள் அவள்தான். கல்யாணம் ஏன் செய்துகொள்ளவில்லை என்று கேட்டால், "இந்த எழுத்துகளையே கட்டி மேய்க்க முடியல" என்று வாயை அடைத்துவிடுவாள். வீட்டில் ஒரே ஒரு தம்பி, பஸ் ஓட்டுநர். நேற்று சாயங்காலம் மாரடைப்பில் போய்விட்டான்.

காலையில் அவள் வழக்கம்போல் வந்து நின்றதும் முதலாளிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"எழுத்தக்கா, நீங்க ஏன் வந்தீங்க? ஒரு போன் பண்ணியிருந்தா நான் போட்டுக் குடுத்திருக்க மாட்டேனா?"

"சாயங்காலம் எடுத்துடுவாங்க. மதியம் ஷிஃப்ட் மாறுறதுக்குள்ள டிப்போ சுவத்துல நோட்டீஸ் ஒட்டணும். இல்லன்னா கூட ஓட்டுனவங்களுக்குத் தெரியாது. அவங்கள விட்டா வர்றதுக்கு அவனுக்கு ஆள் கிடையாது."

அழாதவளைப் பார்த்தால் நம் ஜனங்களுக்கு இருப்புக் கொள்ளாது. நாலு சொட்டு வரவழைத்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார்கள். முதலாளி அந்த ரகம் இல்லை. டீ வாங்கி வைத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார். அவளுக்கு உள்ளுக்குள் எல்லாம் மரத்துப் போயிருந்தது. டீ சூடாக இருந்ததா, ஆறியிருந்ததா என்று தெரியாமலே குடித்தாள்.

உட்கார்ந்து தம்பியின் பெயரை அடித்தாள். எழுத்துக்குப் பதில் காலிக் கட்டங்கள் வரிசையாக வந்து நின்றன. நேற்று அவள் ஆஸ்பத்திரிக்கு ஓடியிருந்த நேரத்தில் கம்ப்யூட்டரை மாற்றியிருந்தார்கள். மாற்றியவர் எழுத்துருக் கோப்புகளை ஒரு ஃபோல்டரில் கொட்டிவிட்டு, எல்லாம் உள்ளே இருக்கிறது என்று கையை உதறிவிட்டுப் போய்விட்டார். இருந்தால் மட்டும் போதுமா? என்னென்ன இருக்கிறது என்று அதே ஃபோல்டரில் ஓர் அட்டவணை வேண்டும். அது இல்லாவிட்டால் கடையில் ஓடுகிற பழைய மென்பொருளுக்கு ஒன்றும் கண்ணுக்குத் தெரியாது.

கட்டளை அடிக்கிற கறுப்புத் திரையைத் திறந்தாள். 'எம்கேஃபான்ட்ஸ்கேல்' என்று ஒரு கட்டளை. கொடுத்தால், கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து, பெயர், தடிமன், சாய்வு எல்லாவற்றையும் அதுவே குறித்துக்கொள்ளும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அடிப்பாள். அடித்தாள். அட்டவணையைத் திறந்தால், எத்தனை எழுத்துரு என்று சொல்கிற முதல் வரியில் பூஜ்யம். அதற்குக் கீழே எதுவும் இல்லை.

முதலாளி எட்டிப் பார்த்தார். "என்னக்கா, ஒண்ணுமே இல்லைங்குது?"

எழுத்துரு ஃபோல்டருக்குள் போகாமலே கட்டளையைக் கொடுத்திருக்கிறாள். நேற்று வேலைக்குச் சேர்ந்தவர்கள் செய்கிற பிழை. ஐயோ என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை. சரியான ஃபோல்டருக்குள் போய் மறுபடி அடித்தாள். இந்தத் தடவை வரி வரியாகப் பட்டியல் நிரம்பியது. புது அட்டவணையைப் படிக்கச் சொல்லி இன்னொரு கட்டளை கொடுத்ததும், கட்டங்கள் இருந்த இடத்தில் தம்பியின் பெயர் வந்தது. தடித்த எழுத்தாகப் பார்த்து எடுத்தாள். ஓட்டுநர்கள் தூரத்திலிருந்தே படிக்க வேண்டுமே.

இரங்கல் நோட்டீஸ் என்றால், அச்சுக்குப் போகுமுன் அந்த வீட்டு ஆளுக்குப் போனில் படித்துக் காட்டிச் சரி வாங்குவது அந்தக் கடையின் வழக்கம். துக்க வீட்டில் பிழை நேர்ந்துவிட்டால் ஜென்மத்துக்கும் பேச்சு. எப்போதும் படித்துக் காட்டுவது அவள்தான். இன்று முதலாளி மாதிரித் தாளை எடுத்தார். யாருக்குப் போன் போடுவது என்று கேட்க வாய் வராமல் நின்றார்.

"எனக்குத்தான் படிக்கணும். படிங்க."

படித்தார். பெயர், டிப்போ, இடம், நேரம். கடைசியில், "துயருடன், அக்கா."

"கீழ வேற யாரு பேரும் இல்லையாக்கா?"

"இல்ல."

"அப்ப, எல்லாம் சரியா?"

அவள் தாளை வாங்கி வரி வரியாகப் பார்த்து மேசைமேல் வைத்தாள்.

"பிழை ஒண்ணும் இல்லைங்க," என்றாள். "ஆனா சரின்னு என் வாயால சொல்ல முடியல."

முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார். மறுபடி கேட்கவில்லை. தாளை எடுத்துக்கொண்டு தானே போய் மெஷினை ஓட்டினார்.