அஞ்சு வயசுக்கு ஒன்று, பதினொன்றுக்கு ஒன்று

மருந்து ஏற்றும் அறையில் பக்கத்துப் படுக்கைப் பெண்கள் என்னிடம் கேட்கிறார்கள், பிள்ளைகளுக்கு என்ன புத்தகம் வாங்கித் தரலாம் என்று. நான் டீச்சர் இல்லை. பாலக்கரையில் ஒரு பெயின்ட் கடையில் பில் போடுகிறவள். இருந்தாலும் சொல்கிறேன். சின்னதற்குப் படம் பெரிதாக, பக்கத்துக்கு ஒரு வரி இருந்தால் போதும். பத்து வயது தாண்டியதற்கு உண்மையைச் சொல்கிற புத்தகம். ‘ஐயோ, பயந்துடுமே’ என்கிறார்கள். அது ஏற்கெனவே பயந்துபோய்த்தான் இருக்கும். உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறது?

எனக்கு மார்பில் கட்டி. திங்கட்கிழமை மருந்து ஏற்ற ஆரம்பிக்கிறோம், அதில் முடி கொட்டிவிடும், முன்னாலேயே எடுத்துவிடுங்கள் என்றார் தில்லைநகர் டாக்டர். அன்றிலிருந்து ஒரே யோசனை. சாவுகூட அப்புறம். பையனுக்கு அஞ்சு, பெண்ணுக்குப் பதினொன்று. இவர்களிடம் என்னவென்று சொல்வது?

தொட்டியத்திலிருந்து துணைக்கு வந்திருந்த என் நாத்தனாருக்கு அதில் குழப்பமே இல்லை. “பிள்ளைங்ககிட்ட மூச்சு விடாதே. சமயபுரத்துக்கு மொட்டை வேண்டிக்கிட்டேன்னு சொல்லிடு. யாரு கேக்கப்போறா?” என்றார். என் வீட்டுக்காரரும் தலையாட்டினார். எங்கள் வீட்டில் யாரும் அந்த வியாதியின் பெயரைச் சொல்வதில்லை. ‘அது’ என்பார்கள். வாசலில் நிற்கிற ஆளைச் சொல்வது மாதிரி.

சனிக்கிழமை வேலை முடிந்து தெப்பக்குளம் பக்கம் ஒரு புத்தகக் கடைக்குப் போனேன்.

“என்ன வயசுங்க?” என்றார் கடைக்காரர்.

“அஞ்சு ஒண்ணு, பதினொண்ணு ஒண்ணு.”

“பர்த்டே கிஃப்டா?”

“இல்லீங்க. அம்மாவுக்கு உடம்பு சரியில்லாம போற கதை எதாவது இருக்கா?”

கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். “எந்த ஸ்கூல்ல கேட்டாங்க?”

“ஸ்கூல்ல கேக்கல. நான் கேக்கறேன்.”

“அம்மா இல்லாத கதைன்னா நிறைய இருக்குங்க. முதல் பக்கத்துலயே போய்ச் சேந்துடுவாங்க. ராஜா ரெண்டாங் கல்யாணம் பண்ணிப்பாரு. வியாதியா படுத்திருக்கிற அம்மா கதையெல்லாம் யாரு போடறா, யாரு வாங்கறா?”

அந்த ஆளை அடிக்கலாம் போலிருந்தது. ஆனால் அவர் நல்ல மனிதர்தான். ரொம்ப நேரம் தேடினார். சின்னவனுக்குக் கம்பளி வெட்டப்பட்ட ஒரு செம்மறி ஆட்டின் கதையை எடுத்துக் கொடுத்தார். குளிரில் நடுங்கும், அப்புறம் மறுபடி வளரும். பெரியவளுக்கு ஸ்டூலில் ஏறி மனித உடம்பைப் பற்றிய ஒரு தடிப் புத்தகத்தை இறக்கினார். வியாதிகளும் அதில் இருந்தன.

“இது பதிமூணு வயசுக்கு மேலன்னு போட்டிருக்கே, பரவாயில்லையா?”

“எங்க வீட்டுக்கு வந்திருக்கிறது வயசு பாத்தா வந்துச்சு?” என்றேன். அவர் இரண்டையும் பையில் போட்டுக் கொடுத்தார்.

வாங்கினேனே தவிர, தைரியம் வரவில்லை. ஆட்டுக் கதையை மட்டும் அன்று ராத்திரி சின்னவனுக்குப் படித்துக் காட்டினேன். பெரிய புத்தகத்தைப் பீரோவில் புடவைக்கு அடியில் வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது மொட்டைக் கதையைத்தான் சொன்னேன்.

“அப்ப எனக்கும்! சந்தனம் தடவுவாங்கல்ல?” என்று குதித்தான் பையன்.

பெண் குதிக்கவில்லை. “எதுக்கும்மா வேண்டிக்கிட்டே?”

நாங்கள் மூன்று பெரியவர்களும் இதை யோசிக்கவே இல்லை. ஸ்ரீரங்கத்தில் வளர்கிற பெண். எதையாவது கேட்காமல் யாரும் முடி கொடுப்பதில்லை என்று அவளுக்குத் தெரியாதா? நாத்தனார் முந்திக்கொண்டார். “எல்லாம் உனக்காகத்தான்டி. கணக்குல நீ வாங்குற மார்க்குக்கு உங்கம்மா வேற என்ன பண்ணுவா?”

சொல்லிவிட்டுச் சிரித்தார். விளையாட்டுக்குத்தான் சொன்னார். பெண் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போனாள்.

சாயங்காலம் கணக்குப் புத்தகத்தோடு என் முன்னால் வந்து நின்றாள். கண் வீங்கியிருந்தது. “அம்மா, முடி எடுக்காதம்மா. நான் இனிமே நல்லா படிக்கிறேன். மாரியம்மன்கிட்ட வேணாம்னு சொல்லிடேன்.”

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. என் வியாதியைக் கொண்டுபோய் என் பெண் தலையில் வைத்துவிட்டோம். முடி கொட்டும்போதெல்லாம் தன்னால்தான் என்று அழுவாள். ஒருவேளை நான் போய்விட்டால், அதற்கும்?

பீரோவைத் திறந்தேன். “இந்தா, பிள்ளைய பயமுறுத்தாதே” என்று நாத்தனார் கையைப் பிடித்தார்.

“பயமுறுத்தினது நீங்கதான் அண்ணி. கொஞ்சம் சும்மா இருங்க.”

கட்டிலில் உட்கார்ந்து புத்தகத்தைப் பிரித்தேன். “உன் மார்க்குக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. அம்மாவுக்குப் புற்றுநோய். இதுல போட்டிருக்கு பாரு.” அந்த வீட்டில் முதல் தடவையாக அந்தச் சொல்லைச் சொன்னது நான்தான். என் வீட்டுக்காரர் பால்கனிக்குப் போய்விட்டார்.

அவள் விரல் வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தாள். சின்னவன் இடையில் புகுந்து, “ஆட்டுக்கு மாதிரி திரும்ப வளருமா?” என்றான். முடி வளரும் என்றேன்.

அவள் நிமிர்ந்தாள். “செத்துப் போயிடுவியா?”

“தெரியாதுடி. சரியாயிடும்னுதான் டாக்டர் சொல்றார். எனக்கும் பயமாத்தான் இருக்கு.”

என் முகத்தையே பார்த்தாள். பிறகு கணக்குப் புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒட்டி உட்கார்ந்தாள்.

“அடுத்த பக்கம் திருப்பும்மா.”

அதில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரியாது. பஸ்ஸில் ஒரு பக்கம் படித்துவிட்டு, முடியாமல் மூடியிருந்தேன். திருப்பினேன்.