ஒற்றை ரூபாயில் முடிந்த பில்கள்

முதல் தடவை என் கிரெடிட் கார்டைத் தேய்த்த அன்று, பாத்திரக் கடை அண்ணாச்சிக்கு மிஷினை எப்படி இயக்குவதென்றே மறந்துபோயிருந்தது. கோவில்பட்டி பஜாரில் அந்த மிஷின் இருந்த இரண்டு மூன்று கடைகளில் அவருடையதும் ஒன்று. வங்கிக்காரர்கள் மாட்டிவிட்டுப் போன நாளிலிருந்து அதற்குப் பிளாஸ்டிக் உறை போட்டு, சந்தனப் பொட்டு வைத்து, கல்லாவுக்குப் பக்கத்தில் உட்காரவைத்திருந்தார்.

"நீதாம்ல மொத போணி," என்றார். "கடிக்காதுல்லா?"

"கடிச்சா என்னையத்தான் கடிக்கும் அண்ணாச்சி. தேயுங்க."

காகிதம் கிர்ரென்று வெளியே வந்ததும் கடைப் பையன்கள் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். பெரியம்மா மகளின் கல்யாணத்துக்கு நாங்கள் வைத்த பித்தளை அண்டாவுக்கான பில் அது. இரண்டாயிரத்து ஒரு ரூபாய்.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. எனக்கு இருபத்து நான்கு வயது. பாலிடெக்னிக் ஒன்றின் கம்ப்யூட்டர் லேபில் வேலை. சம்பளக் கணக்கோடு சேர்ந்து வந்தது அந்த அட்டை. கூடவே வழவழப்பான ஒரு சிறு புத்தகமும் வந்திருந்தது. எங்கள் வீட்டில் அட்டையை எல்லாரும் தொட்டுப் பார்த்தார்கள். புத்தகத்தை நான் மட்டும்தான் படித்தேன், அதுவும் அட்டை முதல் அட்டை வரை. நூறு ரூபாய்க்கு இத்தனை புள்ளி, தீபாவளி வரைக்கும் வீட்டுச் சாமான் வாங்கினால் பத்து மடங்கு புள்ளி, சேர்ந்த புள்ளிக்கு மிக்ஸி, கடிகாரம், சூட்கேஸ். கடைசிப் பக்கத்தில், நிறையச் சேர்த்தவர்களுக்கு டிக்கெட்டே இனாம் என்று ஒரு விமானத்தின் படம்.

அந்தப் படத்தைப் பார்த்த நிமிடத்தில் எனக்கு அக்காவின் ஞாபகம் வந்தது.

அக்கா டெல்லியில் இருந்தாள். அத்தான் ராணுவத்தில். கல்யாணமாகி மூன்று வருடம் கழித்து முழுகாமல் இருந்தாள். ஏழாம் மாதம் வளையல் போட்டுத் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்குக் கூட்டி வருவது எங்களில் பேச்சுக்கே இடமில்லாத வழக்கம். ஆனால் இடையில் ஒரு தடவை அவளுக்கு உதிரம் பட்டுவிட்டது. டாக்டரம்மா, ரயிலில் இரண்டு ராத்திரி குலுங்கிக்கொண்டு போவதெல்லாம் கூடாது என்று சொல்லிவிட்டார். விமானமென்றால் போகலாம், அதுவும் எட்டாம் மாதம் முடிவதற்குள். அத்தானுக்கோ கார்த்திகையிலிருந்து எல்லையில் வேலை, லீவு கிடையாது. குவார்ட்டர்ஸில் அவள் தனியாக, குளிர்காலத்தில், மொழி தெரியாத பக்கத்து வீட்டுக்காரிகளோடு பிள்ளை பெறவேண்டும்.

"நான் ஏரோப்ளேன்ல கூட்டிட்டு வாரேன்," என்று போனில் சொன்னேன். "ஒத்தப் பைசா செலவில்லாம."

"ஏலே, கிறுக்கா பிடிச்சிருக்கு ஒனக்கு?"

"நீ பொட்டிய மட்டும் கெட்டி வையி."

அவள் சிரித்தாள். "நெசமாவால?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியின் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

என் சம்பளத்தில் நான் என்ன வாங்கிவிட முடியும்? புள்ளி சேர வேண்டுமானால் ஊர் வாங்க வேண்டும். எங்கள் ஊர் மொத்தமாக வாங்குவது கல்யாணங்களுக்குத்தான். ஆனியிலும் ஆவணியிலும் சொந்தபந்தத்தில் வாரத்துக்கு ஒரு கல்யாணமாவது இருக்கும். ஒவ்வொரு கல்யாணத்துக்கும் அத்தைகள், சித்திகள், பெரியம்மாக்கள் பாத்திரம் எடுக்கப் போவார்கள். அவர்களோடு நானும் போனேன். அட்டையைத் தேய்ப்பது நான். ரொக்கத்தை அங்கேயே என் கையில் தந்துவிடுவார்கள். மறுநாளே அதைக் கணக்கில் கட்டிவிடுவேன். யாருக்கும் நஷ்டமில்லை. அண்ணாச்சிக்கு மட்டும் நூற்றுக்கு இரண்டு ரூபாய் வங்கிக்குப் போகும்.

"நீ கூட்டம் கூட்டிட்டு வாரதுனால பொறுக்கேன்," என்பார். "இல்லன்னா இந்தப் பொட்டிய எப்பமோ எடைக்குப் போட்டிருப்பேன்."

ஒரு சிக்கல் இருந்தது. அன்றைக்கு அது எனக்குச் சிக்கலாகத் தெரியவில்லை. வேகத்தைக் குறைக்கும் தொந்தரவாக மட்டுமே தெரிந்தது. ஐந்து பேர் சேர்ந்து வந்தால் ஒரே பில்லாகப் போட்டு ஒரே தடவை தேய்த்துவிடலாமே என்று சொல்லிப் பார்த்தேன். எட்டயபுரத்து அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அதெப்படி? அவிய எனக்கு ஆயிரத்து ஒண்ணுக்குக் கொடம் வச்சாவ. நான் ரெண்டாயிரத்து ஒண்ணுக்கு வைக்கணும். என் பாத்திரத்துக்கு என் பில்லு. ஓம் பெரியம்மா பாத்திரத்தோட என்னத்துக்கு என்னையக் கோத்து விடுத?"

"சரி அத்தை, பாத்திரம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாப்பதுதான வருது. அப்படியே போட்டா என்ன?"

"அண்ணாச்சி, இந்தப் பய படிச்சவனா? ஒத்த ரூவா இல்லாம செய்மொறை உண்டா? ஒரு கரண்டியச் சேத்துப் போட்டு ரெண்டாயிரத்து ஒண்ணுக்கு முடிங்க."

அண்ணாச்சி கரண்டியைச் சேர்த்தார். அடுத்தவளுக்கு ஒரு டம்ளர். அதற்கடுத்தவளுக்கு விலையில் கொஞ்சம் தள்ளுபடி. எப்படிச் சுற்றினாலும் ஒவ்வொரு பில்லும் ஒன்றில் வந்து நின்றது: ஆயிரத்து ஒன்று, இரண்டாயிரத்து ஒன்று, தாய்மாமன் என்றால் ஐயாயிரத்து ஒன்று. ஒவ்வொரு பில்லுக்கும் தனித் தேய்ப்பு, பேர் வெட்டும் மிஷினின் டர்ர்ர் சத்தம், அப்புறம் மறுபடி தேய்ப்பு. பத்து நிமிடத்தில் ஐந்து தடவை. வீட்டுக்கு வந்து நோட்டில் புள்ளிகளை ஏற்றுவேன். அந்த இரண்டு மாதங்களைப் போல நான் சந்தோஷமாக இருந்த காலம் குறைவு.

இடையில் ஆடி மாதத்தில் ஒரு நாள் பிரவுசிங் சென்டரில், சும்மா பார்ப்போமே என்று, டெல்லியிலிருந்து சென்னைக்கும் அங்கிருந்து மதுரைக்கும் விமான டிக்கெட் விலையைத் தேடினேன். புதிதாக வந்திருந்த விமானக் கம்பெனிகள் கொஞ்ச நாள் முன்னாலேயே பதிவு செய்தால் மலிவாகக் கொடுத்துக்கொண்டிருந்தன. என் ஒரு மாதச் சம்பளத்துக்குள் அடங்கும் விலை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் திரையில் திறந்திருந்த அந்த ஜன்னலை மூடினேன். இனாமாகக் கிடைக்கப்போவதை எவனாவது காசு கொடுத்து வாங்குவானா?

புரட்டாசியில் கல்யாணம் கிடையாது. ஐப்பசியில் முதல் முகூர்த்தம் ஒன்று இருந்தது. அதை முடித்துவிட்டால் டிக்கெட்டுக்கு வேண்டிய புள்ளி சரியாகச் சேர்ந்துவிடும். அந்த முகூர்த்தத்துக்காகக் கடையில் நின்றுகொண்டிருந்தபோது அட்டை வேலை செய்யவில்லை. அண்ணாச்சி அதை வேட்டியில் துடைத்து மறுபடி தேய்த்தார். இல்லை. என் சட்டையில் துடைத்துத் தேய்த்தார். அப்போதும் இல்லை. சித்தி ரொக்கத்தைக் கொடுத்துப் பாத்திரத்தை வாங்கிக்கொண்டு போனாள்.

மறுநாள் லேபில் இருந்தபோது வங்கியிலிருந்து போன். சென்னையிலிருந்து ஒரு பெண் பேசினார். என் வயதுதான் இருக்கும்.

"சார், உங்க செலவு பேட்டர்ன் வழக்கத்துக்கு மாறா இருக்குன்னு சிஸ்டம் காட்டுது. ஒரே கடை. நாப்பத்தொரு பில். சில நாள்ல பத்து நிமிஷத்துக்குள்ள அஞ்சு. எல்லாமே ஒண்ணுல முடியுது. அந்தக் கடையில உங்களுக்கு ஏதாவது பங்கு இருக்கா சார்?"

எனக்குச் சிரிப்புதான் வந்தது. இவ்வளவுதானா, விளக்கிவிட்டால் முடிந்தது என்று நினைத்தேன். ஆனி, ஆவணி, அத்தை, கரண்டி, பேர் வெட்டுவது என்று ஒன்று விடாமல் சொன்னேன். அவர் குறுக்கிடாமல் கேட்டார்.

"புரியுது சார். எங்க வீட்டுலயும் மொய்னா ஒண்ணு சேர்த்துதான் வைப்போம்."

"அப்பம் சரியாப் போச்சுல்லா மேடம்?"

"இல்ல சார். நீங்க சொல்றத வச்சுப் பார்த்தா, வாங்கினது எல்லாம் மத்தவங்க பாத்திரம். அவங்க பணம். நீங்க கார்டு மட்டும் கொடுத்திருக்கீங்க. புள்ளிக்காகத்தானே?"

லேபில் இருபது மானிட்டர்கள் இரைந்துகொண்டிருந்தன. அதுவரை அந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை, நானும் கேட்டுக்கொண்டதில்லை.

"கணக்கை மூடுறதா முடிவு பண்ணியிருக்காங்க சார். சேர்ந்த புள்ளியும் போயிடும். புத்தகத்துல அந்த விதி இருக்கு, பாருங்க."

அட்டை முதல் அட்டை வரை படித்தேன் என்றேனே, பொடி எழுத்தில் அந்த வரி இருந்தது. நான் படித்தபோது அது வேறு யாருக்கோ எழுதியதாகத் தோன்றியிருக்க வேண்டும்.

"மேடம், எங்க அக்கா மாசமா இருக்காவ..." என்று ஆரம்பித்தேன். முழுவதையும் கேட்டார். "ரொம்ப சாரி சார்," என்றார். அது மனப்பாடமாகச் சொன்ன சாரி இல்லை. ஆனாலும் கணக்கு மூடப்பட்டுவிட்டது.

எங்கள் ஊரில் அந்த நாற்பத்தொரு பில்களைவிட வழக்கமான செலவு வேறு கிடையாது. அதை அப்போதும் நினைத்தேன், இப்போதும் நினைக்கிறேன். ஆனால் அந்தச் செலவு என்னுடையதில்லை என்பதும் உண்மைதான். இரண்டும் உண்மையாக இருக்க முடியும் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாததால், ஒரு வாரம் வங்கியைத் திட்டிக்கொண்டு அலைந்தேன். நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதினேன். இரண்டு வரியில் பதில் வந்தது.

வங்கியிலிருந்து போன் வந்த அன்று சாயங்காலமே பிரவுசிங் சென்டருக்கு ஓடியிருந்தேன். தீபாவளி நெருக்கம். ஆடியில் பார்த்த விலை போன இடம் தெரியவில்லை. என் மூன்று மாதச் சம்பளத்தைக் கேட்டது திரை. கடன் வாங்கியாவது போடலாம் என்றால், அவள் பறக்கக்கூடிய நாட்களுக்குள் அந்த இரண்டு விமானங்களிலும் சேர்ந்தாற்போல இடமும் இல்லை.

அம்மாவிடம் சொன்னபோது அவள் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அரிவாள்மணையை மடக்கி வைத்தாள்.

"அவ வர முடியாது. அவ்வளவுதான?"

"ஆமா."

"அப்பம் நான் போறேன். எனக்கு டாக்டரம்மா ஒண்ணும் சொல்லலல்லா? ரயிலுக்கு டிக்கெட் எடு."

மதுரைக்கு வடக்கே அம்மா போனதே கிடையாது. தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதும் அப்பா, "இந்தி தெரியுமாட்டி ஒனக்கு?" என்று கேட்டார்.

"பிள்ளப் பேறுக்கு எதுக்கு இந்தி? நீங்க மூணு மாசம் ரசம் வைக்கப் படிச்சுக்கிடுங்க."

ஸ்டேஷன் கவுண்டரில் வரிசையில் நின்று ரொக்கம் கொடுத்து டிக்கெட் எடுத்தேன். வளைகாப்புக்கு என்று வாங்கிய கண்ணாடி வளையல்களை அரிசி டப்பாவுக்குள் புதைத்து வைத்தாள் அம்மா. கிளம்புகிற அன்று காலையில் அண்ணாச்சி ஆளனுப்பிக் கூப்பிட்டார். போனால், ஒரு சின்ன வெள்ளிச் சங்கை எடுத்து மேசைமேல் வைத்தார். குழந்தைக்குப் பால் புகட்டுவது. ஓரத்தில் அக்காவின் பேர் வெட்டியிருந்தது.

"அண்ணாச்சி, என்னது இது?"

"ஒன்னால எனக்கு நல்ல யாவாரம்ல. வச்சுக்கோ. சும்மா கொண்டு போகாத. ஒத்த ரூவா வையி."

பையில் துழாவி ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்து வைத்தேன். மிஷினுக்கு மறுபடியும் பிளாஸ்டிக் உறை போட்டிருந்தது. சந்தனப் பொட்டு மட்டும் புதிது.

கார்த்திகைக் கடைசியில் அம்மாவின் போன் வந்தது. பெண் குழந்தை. இரண்டு பேரும் நலம். "குளுரு எலும்பக் கடிக்குது. ஆனா இங்கன ஒரு சர்தார் வீட்டம்மா எனக்கு ரொட்டி போடச் சொல்லித் தந்திருக்கா. நீ ஒழுங்காப் ப்ளேன்ல கூட்டிட்டு வந்திருந்தேன்னா நான் டெல்லியப் பாத்திருப்பனா?" என்றாள். எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று சொன்னாள் என்பது தெரிந்தது. அப்புறம் போனை அக்காவிடம் கொடுத்தாள்.

"ஒம் மருமவ சங்குலதான் குடிக்கா," என்றாள் அக்கா.

"அக்கா, என்னால..."

"விடுல. வங்கிக்காரன் செஞ்சதுக்கு நீ என்ன செய்வ?" பிள்ளையைத் தட்டிக்கொடுக்கும் சத்தம் கேட்டது. "வலி வந்தப்பம் மட்டும் நம்ம வீட்டு உள்ரூம்புல படுத்திருக்கணும் போல இருந்துச்சு. நீ நெசமாச் சொன்னியா, நானும் பொட்டி கெட்டி வச்சிருந்தேன்."

வங்கிக்காரன்தான் செய்தான் என்று அவள் இன்னும் நம்புகிறாள். ஆடி மாதத்தில் பிரவுசிங் சென்டரில் நான் மூடிய அந்த ஜன்னலைப் பற்றி அவளிடம் இன்றுவரை சொன்னதில்லை.