கணினி சிவப்பில் காட்டிய குடும்பம்

ஒருவருக்குச் சர்க்கரை வருவதில் எத்தனையோ மரபணுக்களுக்குக் கொஞ்சம் கொஞ்சம் பங்கு உண்டு. அந்தக் கொஞ்சங்களைக் கூட்டிப் பார்ப்பதுதான் என் வேலை. அன்று ஒரு குடும்பத்தின் ரத்த மாதிரிகளைச் சரிபார்த்தபோது, கணவனும் மனைவியும் நெருங்கிய ரத்த உறவு என்று கணினி சிவப்பில் காட்டியது.

நான் வேலைக்கு வந்த இந்த நாட்டிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பையன் ஒருவன் பக்கத்து இருக்கையில் வேலை பார்த்தான். எட்டி என் திரையை உற்றுப் பார்த்துவிட்டு, "சாம்பிள் மாறிப்போச்சு லா, அக்கா. டிலீட் பண்ணிடுங்க," என்றான்.

எனக்குச் சுர்ரென்றது. எழுந்து தண்ணீர் குடித்தேன், வந்து உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன். வேலை முடிந்து தேக்கா சந்தையில் பூ வாங்க நின்றபோதும் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. யாரோ ஒருவர் தன் அக்கா மகளுக்குத் தாலி கட்டியிருக்கிறார். அதைப் பிழை என்று நானே தூக்கி எறிவதா?

மறுநாள் காலை பையை வைப்பதற்குள் அவனிடம் சொன்னேன். "சாம்பிள் மாறல. அவரு அந்தம்மாவுக்குத் தாய்மாமன்."

"எப்படி அவ்வளவு ஷுவரா சொல்றீங்க?"

"எங்கப்பாவும் எங்கம்மாவுக்குத் தாய்மாமன்தான்."

அவன் என் முகத்தை உற்றுப் பார்த்தான். முந்தின நாள் திரையையும் அப்படித்தான் பார்த்தான்.