கூலன்ட் தொட்டி வழிந்தது யாரால்?

தலைமையகத்திலிருந்து வந்திருந்த துணைத் தலைவரின் ஷூவுக்குள் போனதால்தான் அது ஒரு ‘சம்பவம்’ ஆயிற்று. எங்கள் ஷூவுக்குள் மட்டும் போயிருந்தால் துடைப்பத்தோடு முடிந்திருக்கும். பெரிய கம்பெனியில் சேரப்போகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இது: என்ன கொட்டியது, எவ்வளவு கொட்டியது என்பதெல்லாம் பிறகு. யார் மேல் கொட்டியது என்பதே முதல் கேள்வி.

நல்லம்பள்ளி பக்கத்தில் இருக்கிற எங்கள் பிளான்டில் கியர் செய்கிறோம். கம்பெனிக்கு நாடு முழுக்கப் பிளான்ட் உண்டு. நான் பாதுகாப்புப் பிரிவில் இன்ஜினியர். எது நடந்தாலும் அது ஏன் நடந்தது என்று விசாரித்துத் தலைமையகத்தின் கணினியில் ஏற்றுவது என் வேலை.

1. பொங்கியது

கூலன்ட் என்பது, இரும்பைக் கடையும்போது சூடேறாமல் இருக்க மேலே பீய்ச்சுகிற திரவம். எண்ணெயும் தண்ணீரும் கலந்து, பார்க்கப் பால் மாதிரியே இருக்கும். புதிய உற்பத்தி லைன் ஒன்றை ஓட்டிக் காட்டுவதற்காக அன்று காலை அதன் தொட்டியை நிரப்பிக்கொண்டிருந்தார்கள். தொட்டியருகே நின்று மட்டம் பார்த்தவர் லலிதா, பயிற்சியில் இருக்கும் ஆபரேட்டர். மெஷினுக்குப் பின்னால், பம்ப் ஸ்விட்ச் பக்கம் நின்றவர் ராகேஷ். மெஷினை நிறுவுவதற்காக வடக்கிலிருந்து வந்திருந்த இன்ஜினியர். ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. சத்தம் போட்டுத்தான் பேச வேண்டும்.

துணைத் தலைவர் ராவ், லைனைப் பார்க்கச் சரியாக அந்த நேரத்துக்கு வந்தார். தொட்டி வழிந்தது. புதிதாக மஞ்சள் கோடு போட்ட நடைபாதை முழுக்க வெள்ளையாய் ஓடியது. கூட்டத்தில் யாரோ மெதுவாக "பொங்கலோ பொங்கல்" என்றார்கள். பிளான்ட் ஹெட் தாமோதரன் சார் திரும்பிப் பார்த்தார். எல்லோர் முகமும் உடனே வேலை செய்கிற முகமாக மாறிவிட்டது.

2. பட்டியலில் இல்லாத காரணம்

எங்கள் கணினியில் காரணத்தை நாமாக எழுத முடியாது. இருக்கிற பட்டியலிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மனிதத் தவறு, இயந்திரக் கோளாறு, மூலப்பொருள் குறை, இயற்கைச் சீற்றம். அவ்வளவுதான்.

தாமோதரன் சாருக்குச் சந்தேகமே இல்லை. "ஹியூமன் எரர்னு போட்டு க்ளோஸ் பண்ணிடுங்கம்மா. தொட்டிகிட்ட நின்னது யாரு, அந்தப் பொண்ணுதான?"

அவர் கெட்டவர் இல்லை. கணினியில் முடியாமல் சிவப்பில் நிற்கும் எதையும் முடித்துப் பச்சையாக்காமல் அவருக்கு மதியச் சாப்பாடு இறங்காது. ஆனால் மனிதத் தவறு என்று போட்டால் அந்த மனிதரின் பெயரையும் போட வேண்டும். பெயர் பயிற்சியில் இருப்பவருடையது என்றால் பயிற்சிக் காலம் தானாகவே நீளும். லலிதாவின் பேட்சுக்கு அந்த மாதக் கடைசியில்தான் நிரந்தர ஆணை வரவேண்டியிருந்தது.

லலிதா கடத்தூர்ப் பக்கம். கணவர் ஓசூரில் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். நான் விசாரிக்கப் போனபோது லலிதா அழவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை.

"பர்மனென்ட் ஆவலைன்னா வேலைய வுட்டுட்டு ஓசூருக்கே வந்துருன்னு வூட்ல சொல்லிட்டாங்க மேடம். தப்பு பண்ணியிருந்தாப் போறேன். நான் போதும் போதும்னுதான் கத்துனனுங்க. அவரும் போதும்னு பதில் சொன்னாருங்க. சொல்லிப்போட்டு நிறுத்தாம வுட்டா நான் என்ன பண்ணட்டும்?"

அடுத்து ராகேஷிடம் போனேன். ஆங்கிலத்தில் பாதி, பழகிய தமிழில் பாதி என்று அவர் சொன்னது இது. ஒரு பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. ஓட்டு என்று அந்தப் பெண் கத்தினார், இவர் இரண்டாவது பம்பையும் போட்டார். அந்தப் பெண் மறுபடியும் கத்தினார், இவர் வால்வை முழுக்கத் திறந்தார். மூன்றாவது முறையும் கத்தவே, எல்லாம் ஓடுகிறது என்று இவரும் பதிலுக்குக் கத்தினார். "அவங்க ரொம்ப அவசரம் மேடம்" என்று வருத்தத்தோடு முடித்தார்.

ஒருவர் போதும் என்கிறார், இன்னொருவர் ஓட்டு என்கிறார். இரண்டு பேரும் பொய் சொல்கிற ரகம் இல்லை. விசாரணைக்கென்று எங்களுக்கு ஒரு முறை உண்டு: ஏன், ஏன் என்று ஐந்து தடவை கேட்க வேண்டும். நான் கேட்டேன். ஐந்தாவது ஏனுக்கு ராகேஷ் "தெரியல மேடம், சாப்பிட்டீங்களா?" என்றார்.

3. அவரவர் இடத்தில்

மறுநாள் இரண்டு பேரையும் முந்தைய நாள் நின்ற இடங்களிலேயே நிறுத்தினேன். பம்புக்கு மின்சாரத்தைத் துண்டித்தாயிற்று. லலிதாவிடம், நேற்று எப்படிக் கத்தினீர்களோ அப்படியே கத்துங்கள் என்றேன். கூச்சப்பட்டுக்கொண்டு "போதும்" என்றார். பந்தியில் இலை முன்னால் சொல்கிற குரல். அது இல்லை, தொட்டி வழியப்போகிறது, பெரிய சார் பக்கத்தில் வந்து நிற்கிறார், இப்போது கத்துங்கள் என்றேன்.

லலிதா மூச்சை இழுத்துக் கத்தினார். "சாலு! சாலு!"

மெஷினுக்குப் பின்னால் ஸ்விட்ச் போடும் சத்தம் கேட்டது. கூடவே ராகேஷின் குரலும் வந்தது. "சாலு, சாலு!"

லலிதா நிம்மதியாக ஓரடி பின்னால் நகர்ந்தார்.

லலிதாவின் வீட்டில் பேசுவது தெலுங்கு. பிளான்டுக்குள் நுழைந்தால் தமிழ். அவசரத்தில் வீட்டு மொழிதான் முந்திக்கொண்டு வந்திருக்கிறது. தான் தெலுங்கில் கத்தியது அவருக்கே தெரியவில்லை. தெலுங்கில் சாலு என்றால் போதும். ராகேஷின் இந்தியிலோ சாலு என்றால் ஓட்டு, ஓடுகிறது. இவர் போதும் என்று சொல்லச் சொல்ல அவர் பம்பைப் போட்டிருக்கிறார். எல்லாம் ஓடுகிறது என்று அவர் சொன்னது இவர் காதில் போதும் போதும் என்று விழுந்திருக்கிறது.

விஷயம் புரிந்ததும் ராகேஷ், இந்த ஊரில் ஒருவராவது தன்னிடம் இந்தி பேசுகிறாரே என்று அன்று தான் சந்தோஷப்பட்டதாகச் சொன்னார். லலிதாவால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

4. தலைமையகத்தோடு

ஆன்லைன் கூட்டத்தில் நடந்ததைச் சொன்னேன். தலைமையகத்தின் பாதுகாப்பு அதிகாரி முழுக்கப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, சரி, பட்டியலில் எதைத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்றார். மொழி என்று ஒரு காரணம் அதில் இல்லையே என்றேன். அப்படியானால் மனிதத் தவறுதான் என்றார்.

எந்த மனிதரின் தவறு என்று கேட்டேன். லலிதா சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டிய நேரத்தில் சொன்னார். ராகேஷ் காதில் விழுந்ததை உடனே செய்தார். இரண்டு பேரும் ஒழுங்காக வேலை செய்ததால் நடந்தது இது. ஒருவராவது சோம்பேறியாக இருந்திருந்தால் இவ்வளவு வழிந்திருக்காது. தவறு வேண்டுமென்றால், தொட்டி கண்ணில் படாத இடத்தில் ஸ்விட்சை வைத்ததும், மட்டம் பார்க்கும் சென்சாருக்கு ஒயர் இழுக்காமலே தொட்டியை நிரப்பச் சொன்னதும்தான். இரண்டும் நம்முடைய முடிவுகள் என்றேன்.

தாமோதரன் சார் மேசைக்குக் கீழே கையை ஆட்டி, போதும் என்று சைகை காட்டினார். அந்தச் சைகை எனக்கு நன்றாகவே புரிந்தது. இருந்தாலும் முடித்துவிட்டுத்தான் நிறுத்தினேன்.

அதுவரை பேசாமல் இருந்த ராவ் மைக்கைத் திறந்தார். அவர் தாய்மொழி தெலுங்கு, பாதி வேலைக்காலம் வடக்கே.

அந்தப் பெண் போதும் என்று கத்தியது எனக்கு நன்றாகப் புரிந்தது, அந்தப் பையன் ஓடுகிறது என்று சொன்னதும் புரிந்தது என்றார். அவரே தொடர்ந்தார்: அங்கே இரண்டு மொழியும் தெரிந்த ஒரே ஆள் நான்தான். ஆபரேட்டரின் வேலையில் துணைத் தலைவர் குறுக்கே பேசக்கூடாது என்று வாயை மூடிக்கொண்டு நின்றேன். பெயர் ஒன்று போட்டே ஆகவேண்டும் என்றால் என் பெயரைப் போடுங்கள்.

துணைத் தலைவரின் பெயரைப் போட்டால் கணினி அவருடைய பயிற்சிக் காலத்தை நீட்டிக்குமா என்று எனக்கு மட்டும் ஒரு யோசனை ஓடியது. கேட்கவில்லை. இயந்திரக் கோளாறு, சென்சார் இணைக்கப்படவில்லை என்று ஏற்றிக்கொள்ளச் சொன்னார்கள். ஏற்றினேன், பச்சை வந்தது. தாமோதரன் சார் சாப்பிடப் போனார்.

அந்த வாரமே ஒயர் இழுத்தார்கள், ஸ்விட்சையும் தொட்டிப் பக்கம் மாற்றினார்கள்.

புதியவர்களுக்கு நான் சொல்வது இதுதான். யார் செய்தது என்று கேட்டால் ஒரு பெயர் கிடைக்கும், அதோடு விசாரணை முடிந்துவிடும். என்ன சொன்னார்கள், அது எப்படிக் கேட்டது என்று அவரவர் நின்ற இடத்துக்கே போய்க் கேளுங்கள். சொன்னவர் காதாலும் கேட்டவர் காதாலும் கேட்க வேண்டும். பட்டியலில் இல்லை என்பதற்காக ஒரு காரணம் இல்லாமல் போய்விடாது.

மாதக் கடைசியில் லலிதாவுக்கு நிரந்தர ஆணை வந்தது. அதற்கு முன் நடந்த நேர்காணலில் நானும் உட்கார்ந்திருந்தேன். எச்.ஆர். அதிகாரி வழக்கம்போல, என்னென்ன மொழி தெரியும் என்று கேட்டார்.

"தெலுங்கு, தமிழ் நல்லா வருங்க" என்றார் லலிதா. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார். "இந்தி ஒரே ஒரு வார்த்தைங்க."